பத்து நூல் வாசல்: மீந்த பலகையில் குருவிக்கு ஒரு கூட்டுப்பெட்டி

தோட்டத்தில் மாட்டக் குருவிப்பெட்டி செய்துதரக் கேட்டுப் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். சிவப்புக் கூரை, ஒரு புகைபோக்கி, முன்னால் சின்ன வேலி, வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி. "அண்ணே, அச்சா இதே மாதிரி வேணும்." செய்துகொடுத்தால் கூலியும் கூடத்தான் கிடைக்கும். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற ஒவ்வொரு அலங்காரமும் குருவிக்கு இடைஞ்சல். வேலி காக்கைக்கு நிற்க இடம். குச்சி மைனாவுக்குப் பிடிமானம். பெயின்ட் வெயிலில் வாடை கிளப்பும். ஆகவே வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: பெட்டி மொட்டையாக இருக்கட்டும், அளவு மட்டும் சரியாக இருக்கட்டும்.

எனக்குத் தொழில் காரைக்குடியில். நிலை, கதவு, ஜன்னல்தான் அன்றாட வேலை. இந்த ஊரில் பழைய வீடுகளைப் பிரித்து விற்பது பெரிய வியாபாரம். முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் பர்மா தேக்குத் தூண் முதல் பித்தளைக் கொண்டி வரை கிடைக்கும். அந்த வீடுகளில் ஓட்டுக்கும் அதைத் தாங்கும் ரீப்பர் சட்டத்துக்கும் நடுவில், உத்தரத்து மூலையில், சுவரில் மாட்டிய படச்சட்டத்துக்குப் பின்னால் என்று குருவிக்குப் பத்து இடம் இருந்தது. கான்கிரீட் வீட்டில் ஒரு சந்துகூடக் கிடையாது. 2020இல் எங்கள் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டிவிட, குஞ்சு பறந்து போகிற வரைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஊரே தெருவிளக்கு போடாமல் இருந்தது. பேப்பரிலெல்லாம் வந்தது. பொந்து கிடைக்காத பறவை எங்கேயெல்லாம் போய் நுழைகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்.

செய்வதற்கு முன்னால் இன்னொன்று. பெட்டி வைத்தால் தோட்டத்துப் பறவை எல்லாம் வந்து தங்கும் என்று நினைக்காதீர்கள். பொந்தில் குடியிருக்கிற சாதிதான் வரும். தையல்சிட்டு இலையைத் தைத்துக் கட்டும், தேன்சிட்டு கொடியில் தொங்கவிடும், கொண்டைக்குருவி செடிக் கவட்டையில் கிண்ணம் மாதிரி பின்னும். இவற்றுக்குப் பெட்டி வேண்டியதில்லை, செடியை வெட்டாமல் விட்டாலே போதும். பெட்டி கேட்பவை சிட்டுக்குருவி, சாம்பல் சிட்டு, குண்டுக்கரிச்சான், மைனா, புள்ளி ஆந்தை. வாசல் அளவைக் கூட்டிக் குறைத்தால் ஆள் மாறும். நான் இங்கே சொல்லப் போவது சிட்டுக்குருவிக்கான கணக்கு.

மரம்

புதுப் பலகை வாங்காதீர்கள். ஒரு பெட்டிக்கு நாலரை அடி நீளம், 6 இஞ்ச் அகலம், 6 நூல் கனத்தில் ஒரு துண்டு, கூரைக்குத் தனியாக 8 இஞ்ச் அகலத்தில் 10 இஞ்ச் நீளத் துண்டு, அவ்வளவே. (எங்கள் கணக்கில் 8 நூல் ஒரு இஞ்ச். ஆக 6 நூல் என்பது முக்கால் இஞ்ச்.) எந்தத் தச்சுப் பட்டறையிலும் இது அடுப்புக்குப் போகக் காத்திருக்கும் சாமான். பிரித்த பரண் பலகை, உடைந்த கதவு, பழைய பெஞ்சு எதிலிருந்தும் தேறும்.

தேக்கு, வேம்பு, வேங்கை, பூவரசு, வாகை எதுவும் சரி. வேம்பைக் கரையான் அவ்வளவாக அண்டாது. மாம்பலகை மலிவு, ஆனால் நனைந்தால் சீக்கிரம் உளுத்துப்போகும். நல்ல தாழ்வாரத்துக்கு அடியில் மாட்டுவதென்றால் பரவாயில்லை. வைரம் பாய்ந்த பக்கத்தை எடுங்கள், வெளுத்த சப்பையை ஒதுக்குங்கள். பிளைவுட், மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் இரண்டும் வேண்டாம். அவற்றை ஒட்டியிருக்கிற பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், மூடிய பெட்டிக்குள் குஞ்சு அதைத்தான் சுவாசிக்கும். அதுவும் போக, ஒரு ஐப்பசி மழைக்குப் பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கமிருந்து வரும், சரக்கு அடுக்கப் பயன்பட்ட பேலட் மரம் இப்போது நிறையக் கிடைக்கிறது. அதை எடுத்தால் பக்கவாட்டில் சூடு போட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம். நடுக்கட்டை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது அதற்கு விதி. அது ஆகும். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம், அதில் என்ன கொட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பழைய கதவுப் பலகையில் ஒரு ஆபத்து உண்டு. பச்சையும் நீலமுமாகப் பத்து கோட்டு பெயின்ட் ஏறியிருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்கிற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூக்கில்தான் ஏறும். பெயின்ட் அடித்த பலகையை விட்டுவிட்டு, அடிக்காத பரண் பலகையைத் தேடுவது புத்திசாலித்தனம்.

அறுப்பு

6 இஞ்ச் பலகையில் வரிசையாகக் குறியுங்கள். பின்பலகை 16 இஞ்ச். முன்பலகை 9. பக்கப்பலகை இரண்டுக்கும் சேர்த்து 20. அடிப்பலகை நாலரை. கூட்டினால் நாலடியும் ஒன்றரை இஞ்ச்சும். வாள் தின்னும் கனம், வெடித்த நுனி எல்லாம் போக நாலரை அடியில் அடங்கும்.

பக்கப்பலகையில் ஒரு சூட்சுமம். அந்த 20 இஞ்ச் துண்டின் ஒரு விளிம்பில் 11 இஞ்ச்சிலும் எதிர் விளிம்பில் 9 இஞ்ச்சிலும் புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்துச் சாய்வாக ஒரே அறுப்பு. இரண்டு பக்கமும் பின்னால் 11, முன்னால் 9 என்று தானே வந்துவிடும், கூரைச் சரிவும் கிடைத்துவிடும், துளி மரம் வீணாகாது.

அடிப்பலகை இரண்டு பக்கப்பலகைக்கும் நடுவில் உட்கார வேண்டும். பலகை சரியாக 6 நூல் கனம் இருந்தால்தான் நாலரை என்கிற அளவு பொருந்தும். உங்கள் பலகை ஒல்லியாகவோ தடியாகவோ இருந்தால், 6 இஞ்ச்சில் இரண்டு பலகைக் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். 5 நூலுக்குக் கீழே கனம் போக வேண்டாம். சித்திரை வெயில் எங்கள் பக்கம் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும். மெல்லிய பலகைக்குள் குஞ்சு வெந்துபோகும். தகரம், பிளாஸ்டிக் டப்பா இரண்டையும் நான் அடியோடு வேண்டாம் என்பது இதனால்தான்.

அடிப்பலகையின் நாலு மூலையையும் 3 நூல் அளவுக்குச் சாய்த்து அறுத்துவிடுங்கள். தண்ணீர் வடிய அதுவே வழி, தனியாகத் துளை போட வேண்டாம். பக்கப்பலகை ஒவ்வொன்றிலும் உச்சிக்கு ஒரு இஞ்ச் கீழே, கூரை நிழலில் ஒளிந்திருக்கும்படி, 2 நூல் துளை இரண்டு. சூடு அந்த வழியே வெளியேறும்.

வாசல்

பெட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. வாசல் வட்டம் 10 நூல், அதாவது ஒண்ணேகால் இஞ்ச். வட்டமாக அறுத்தெடுக்கும் 32 மில்லிமீட்டர் ஹோல்சா பிட் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சிட்டுக்குருவி சிரமமில்லாமல் நுழையும், மைனாவுக்குத் தலை மட்டும்தான் போகும். 2 இஞ்ச்சாகப் போட்டால் மைனா வந்து குருவியைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொள்ளும். 9 நூல் போட்டால் சாம்பல் சிட்டுக்கு ஆகும், குருவிக்கு இடிக்கும்.

முன்பலகையின் உச்சியிலிருந்து 2 இஞ்ச் கீழே வட்டத்தின் நடுப்புள்ளி. அங்கே வைத்தால் வாசலுக்கும் அடிப்பலகைக்கும் இடையில் 5 இஞ்ச்சுக்கு மேல் ஆழம் கிடைக்கும். பூனை கையை விட்டுத் துழாவினாலும் குஞ்சு எட்டாது, காக்கையின் அலகும் எட்டாது. ஹோல்சா இல்லாதவர்கள் காம்பஸால் வட்டம் போட்டு, கோட்டுக்கு உள்ளே சின்ன டிரில்லால் சுற்றிச் சுற்றித் துளைத்து, உளியால் தட்டி எடுத்து, அரைவட்ட அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். எதில் செய்தாலும் பலகைக்கு அடியில் ஒரு கழிவுக் கட்டையை வைத்து அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் சிராய் பிய்த்துக்கொண்டு வரும். வட்டத்தின் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். உங்கள் விரலில் குத்துகிற சிராய் ஒரு நாளைக்கு நூறு முறை போய்வருகிற குருவியின் இறகையும் பிடித்து இழுக்கும்.

முன்பலகையின் உள்பக்கத்தை இழைக்காதீர்கள். வாசலுக்குக் கீழே வாளின் பல்லால் அரை இஞ்ச்சுக்கு ஒரு கோடாகக் குறுக்கே கீறிவிடுங்கள். பறக்கப் பழகும் குஞ்சு அதில் நகம் பதித்துத்தான் மேலே ஏறி வரும். நன்றாக இழைத்து வழவழவென்று விட்ட பலகை அதற்குக் கிணற்றுச் சுவர்.

குச்சி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு ஆச்சி ஒருவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, குச்சி வைக்கலையே, அது எங்கன உக்காரும்?" என்றார். "குருவி வட்டத்து விளிம்பையே பிடிச்சுக்கும் ஆச்சி. குச்சி வச்சா காக்காதான் வந்து உக்காரும்" என்றேன். அவருக்கு அரை மனம்தான். குருவி குடிவந்த பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார், குச்சி வைக்காதே என்று.

பூட்டுவது

முதலில் அடிப்பலகையை இரண்டு பக்கப்பலகைக்கும் நடுவில் வையுங்கள். பக்கத்தின் கீழ் விளிம்பிலிருந்து 2 நூல் மேலே ஏற்றி. அப்போது சுவரில் வழிகிற தண்ணீர் விளிம்பிலேயே சொட்டிப் போகும், அடிப்பலகை நனையாது. பிறகு பின்பலகை, மேலும் கீழும் இரண்டரை இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும்படி. அந்த நீட்டல் சுவரில் மாட்ட. கடைசியில் முன்பலகை. அதன் தலை விளிம்பை இழைப்புளியால் முன்பக்கமாக 2 நூல் சாய்த்து இழைத்தால் கூரை சந்தில்லாமல் படியும். மூலைமட்டத்தை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தேக்கில் ஆணி அடித்தால் பலகை வெடிக்கும். முதலில் துளை போட்டு ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ முடுக்குங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ ரூபாய் கொஞ்சம் கூடத்தான், கடலோர ஊராக இருந்தால் வேறு வழியில்லை. இரும்பே வேண்டாம் என்பவர்கள் காய்ந்த மூங்கிலைச் சீவி மூங்கில் ஆணி அடிக்கலாம். 2 நூல் துளைக்கு இம்மி தடியாகச் சீவினால் இறுகப் பிடிக்கும். பசை தேவையில்லை. பசை போட்ட பெட்டியைப் பழுது பார்க்க முடியாது.

கூரையின் பின் விளிம்பையும் சரிவுக்கு ஏற்ப இழைத்து, பின்பலகையோடு ஒட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச், முன்னால் இரண்டரை இஞ்ச் வெளியே நீட்டி நிற்கும். கூரையும் பின்பலகையும் சேரும் இடம்தான் மழை உள்ளே இறங்கும் இடம். அங்கே பழைய சைக்கிள் டியூபை 2 இஞ்ச் பட்டையாக வெட்டி, பாதி கூரை மேலும் பாதி பின்பலகை மேலும் படியும்படி சின்ன ஸ்க்ரூவால் பிடித்துவிடுங்கள். தண்ணீரையும் தடுக்கும், கீலாகவும் வேலை செய்யும். கூரையைத் தூக்கி உள்ளே சுத்தம் செய்யலாம். பக்கத்தில் ஒரு கொக்கி மறக்காதீர்கள். கொக்கி இல்லாத கூரையை அணில் தலையால் முட்டித் தூக்கிவிடும், முட்டையையும் விடாது.

பூச்சு

உள்ளே எதுவும் பூசக் கூடாது. வெளியே தேக்குக்கும் வேம்புக்கும் ஒன்றுமே வேண்டாம், தானாகச் சாம்பல் நிறத்துக்கு வரும். மற்ற மரத்துக்குக் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கொடுப்பதில் சீக்கிரம் காயவைக்க உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், அதை வாங்க வேண்டாம். செக்கில் ஆட்டிய ஆளிவிதை எண்ணெய் கிடைத்தால் அதுவே போதும். மெல்லிசாகத் தேய்த்து, காய இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

கரையானுக்கென்று வண்டியின் கழிவு ஆயிலைத் தடவும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. வேலிக்காலுக்கே அது நல்லதில்லை. முந்திரிக்கொட்டை எண்ணெயும் அப்படித்தான், தோலைப் பொத்துவிடும்.

மாட்டும் இடம்

தோட்டத்து மரத்தில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். சிட்டுக்குருவிக்கு மரத்தைவிட வீட்டுச் சுவர்தான் பிடிக்கும். மனுஷன் புழங்குகிற இடத்தில் மற்ற பறவை தொல்லை குறைவு என்று அதற்குத் தெரியும். சன்ஷேடுக்கு அடியில், தாழ்வாரத்து இறவாணத்தில், எட்டிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் வைக்கலாம். மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். வாசல் கிழக்கையோ வடக்கையோ பார்க்கட்டும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் எங்களுக்கு மழை அடிப்பது வடகிழக்கிலிருந்து. எனவே தலைக்கு மேல் நல்ல நீட்டலான கூரை இருக்கிற இடமாகப் பாருங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இஞ்ச் ரீப்பர் கட்டை வைத்து முடுக்கினால் சுவர் ஈரம் பலகையில் ஏறாது. கயிற்றில் தொங்கவிட்டு ஆடுகிற பெட்டிக்குக் குருவி சுலபத்தில் வராது.

அறைக்குள் வைக்க ஆசைப்படுகிறவர்கள் சீலிங் ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ குருவி அதில் அடிபட்டுச் செத்திருக்கிறது. பூனை தாவ முடிகிற மதில், மாடிப்படிக் கைப்பிடி இவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். குருவி கூட்டமாக இருக்கும் சாதி, ஒரே சுவரில் இரண்டு மூன்று பெட்டி அடுத்தடுத்து இருந்தால் அதற்குத் தைரியம்.

இத்தனையும் செய்து குருவி வரவில்லையென்றால்? அக்கம்பக்கத்துத் தெருவில் குருவிச் சத்தம் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தூரத்திலிருந்து வந்து குடியேறும் பறவை இல்லை, பிறந்த இடத்தைச் சுற்றியேதான் இருக்கும். சத்தம் கேட்டால் பொறுங்கள், சில வாரத்திலும் வரும், அடுத்த வருஷமும் வரும். இதற்கிடையில் ஒரு மண்சட்டியில் விரலளவு தண்ணீர், கொஞ்சம் கம்பு அல்லது நொய், புரண்டு குளிக்க ஒரு மூலையில் காய்ந்த மண். எல்லாவற்றையும்விடப் பெரியது, செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துவது. பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். புழு இல்லாத தோட்டத்தில் எவ்வளவு நல்ல பெட்டி வைத்தும் பலனில்லை.

முட்டை வைத்த பிறகு

மூன்றிலிருந்து ஐந்து முட்டை வரை இருக்கும். பொரிக்கப் பதினொன்று முதல் பதினான்கு நாள், குஞ்சு வெளியே வர மேலும் இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் கூரையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, போட்டோவுக்காகக்கூட. குஞ்சு தவறிக் கீழே விழுந்தால் எடுத்து உள்ளே விடலாம். மனுஷக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சும்மா பேச்சு.

குஞ்சுகள் பறந்த பிறகு பெட்டியில் நடமாட்டமே இல்லை என்று உறுதியானால் திறங்கள். உள்ளே கைகொள்ளாத குப்பை இருக்கும்: தேங்காய் நார், கோழி இறகு, வைக்கோல், தலைமுடி, கிழிந்த துணி நூல், சில கூட்டில் வேப்பிலைகூட. நைலான் நூல், பட்ட நூல் கிடந்தால் தனியே பொறுக்கி, வெளியே எறிந்துவிடாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள், குஞ்சின் காலில் சுற்றினால் கால் போய்விடும். மிச்சத்தைத் துணியால் வாய் கட்டிக்கொண்டு உதறிக் கொட்டி, கொதிக்கிற தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். செள்ளுப்பூச்சியும் உண்ணியும் அதிலேயே சாகும், மருந்து வேண்டாம். ஒரு நாள் முழு வெயிலில் காயட்டும். ஸ்க்ரூவை ஒரு சுற்று இறுக்கி, டியூப் வெடித்திருந்தால் மாற்றி, அதே இடத்தில் திரும்ப மாட்டுங்கள். சௌகரியப்பட்ட பெட்டியில் ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று ஈடு (ஒரு தடவை பொரிக்கும் குஞ்சுகள்) எடுக்கும், இடத்தை மாற்றினால் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.